பூச்சிமருந்தும் நன்னீர் ஒருசெல் உயிரிகளும்: முதல்முறை சோதனை செய்பவர்களுக்கு

பூச்சிமருந்து (களைக்கொல்லியையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறேன்) கலந்த தண்ணீரில், பாரமீசியம் என்ற நீந்தும் ஒருசெல் உயிரி என்ன ஆகிறது என்று பார்ப்பது ஒரு வாரத்து வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். முடிக்க ஐந்து மாதம் ஆனது. அதில் மருந்து கலந்து எண்ணிய நாள்கள் இருபதைத் தாண்டாது. மீதி எல்லாம் வளர்ப்பு, அதாவது குடுவையில் வளர்த்த செல்கள், செத்துப்போனது, கணக்கு தப்பானது, அனுமதிக் காகிதத்துக்குக் காத்திருந்தது.

என் முதல் முடிவு இப்படி வந்தது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கிளைபோசேட் அமிலத்தை, ஒரு களைக்கொல்லியை, கலந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பாரமீசியம்கூட மிஞ்சவில்லை. நோட்டில் எழுதியும் விட்டேன். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் வந்து "பிஎச் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால் 4-க்கும் கீழே. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 7-க்குக் கொண்டுவந்த அதே செறிவில், செல்கள் மறுநாளும் நீந்திக்கொண்டிருந்தன. புளிப்பு கொன்றதை நான் மருந்தின் கணக்கில் எழுதியிருந்தேன். இந்த வேலையில் பாதிக்கு மேல், செல்லைக் கொன்றது மருந்துதானா என்று உறுதிசெய்வதிலேயே போகும். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

1. உயிரியையும் மருந்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள். மருந்து எந்த இடத்தைத் தாக்குகிறதோ அந்த இடம் உங்கள் உயிரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதைப் பார்க்கிறீர்கள் என்றே தெரியாது.

அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளி அமைப்பை அடைப்பவை. நுண்பாசிகளுக்கு இவை மிகக் குறைந்த அளவிலேயே, மைக்ரோகிராம் கணக்கிலேயே தொல்லை தரும். பாரமீசியத்துக்கு ஒளிச்சேர்க்கையே கிடையாது. அதே அட்ரசினை அதில் சோதித்தால் பல மடங்கு அதிகச் செறிவு வரை எதுவும் நடக்காமல் போகலாம். கிளைபோசேட் தாக்கும் ஷிகிமேட் வழித்தடம் (சில அமினோ அமிலங்களைச் செல் தயாரிக்கும் வழி) தாவரத்திலும் பாசியிலும் பாக்டீரியாவிலும் உண்டு, விலங்குகளில் இல்லை. டெல்டாமெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்பில் சோடியம் வாயில்களை, அதாவது சவ்வில் சோடியம் நுழையும் வழிகளை, பிடிப்பவை. பாரமீசியத்தில் நரம்பு இல்லை என்றாலும் மின்னழுத்தத்தால் திறக்கும் கால்சியம் வாயில்கள் குற்றிழைகளில், அதாவது செல் நீந்த அடிக்கும் நுண்மயிர்களில், இருக்கின்றன. அவை குழம்பினால் செல் பின்னோக்கி நீந்தும். கண்ணால் பார்க்கக்கூடிய விளைவு அது.

புதியவர்களுக்கு என் யோசனை: களைக்கொல்லி என்றால் நுண்பாசி, பூச்சிக்கொல்லி என்றால் பாரமீசியம் அல்லது அதைப் போலவே குற்றிழை உள்ள டெட்ராஹைமினா. பாசியில் ராஃபிடோசெலிஸ் சப்கேபிடேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் இதுவே செலனாஸ்ட்ரம் என்றும் சூடோகிர்ச்னெரியெல்லா என்றும் இருக்கும். மூன்றும் ஒரே உயிரிதான், தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள். இதற்கு ஓஇசிடி 201 என்ற, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் பாசிச் சோதனை வழிமுறை தெளிவாக இருக்கிறது. பாரமீசியத்துக்கு அப்படி எல்லோரும் ஏற்ற ஒரே வழிமுறை இல்லாததால், ஒவ்வொரு முடிவுக்கும் நீங்களே காரணம் எழுத வேண்டியிருக்கும்.

முதல் மருந்தாகத் தண்ணீரில் நன்றாகக் கரைவதை எடுங்கள். சைபர்மெத்ரின் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் கரையும். குளோர்பைரிபாஸ் ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு, அதுவும் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இவற்றோடு தொடங்குபவர் பாதி நாள் வேதியியலோடுதான் மல்லுக்கட்டுவார்.

2. காகிதங்களை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

சோதனை தொடங்கும் தேதியைப் பெரும்பாலும் காகிதம்தான் முடிவு செய்கிறது. தேவைப்படுபவை இவை.

மருந்தின் பாதுகாப்புத் தரவுத்தாள். மொத்தம் 16 பிரிவுகள் இருக்கும். 9-ஆம் பிரிவில் கரைதிறனும் அடர்த்தியும், 12-இல் நீர்வாழ் உயிர்கள் மீதான விளைவு, 13-இல் கழிவை என்ன செய்வது என்பது. இந்த மூன்றையும் அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

பகுப்பாய்வுச் சான்றிதழ். தூய வேதிப்பொருள் வாங்கினால் பாட்டிலோடு வரும். வராவிட்டால் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தூய்மை எத்தனை விழுக்காடு, காலாவதித் தேதி எது என்பது அதில்தான் இருக்கும். எனக்கு வந்த பாட்டிலின் காலாவதி இரண்டே மாதத்தில் இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே பார்த்ததால் மாற்ற முடிந்தது.

உயிரி வந்த வழிக்கான ரசீது: எந்த உயிரிச் சேகரிப்பு நிலையம், எந்த எண், எந்தத் தேதி. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள வளர்ப்பை வரவழைத்தால் இறக்குமதி அனுமதியும் தேவைப்படலாம். உங்கள் நிறுவனத்தில் இதைக் கவனிப்பவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஆய்வக அபாய மதிப்பீட்டுப் படிவமும், கழிவை யார் எடுத்துப்போவார் என்ற எழுத்து ஒப்புதலும். ஒருசெல் உயிரிக்கு விலங்கு நெறிக்குழுவின் அனுமதி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. ஆனாலும் "தேவையில்லை" என்பதை ஒரு வரி மின்னஞ்சலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் அந்த ஒரு வரி போதும்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள்.

3. வளர்ப்பைப் பழக்குங்கள்

ஸ்காட்லாந்தின் சிசிஏபி, டெக்சாஸின் யூடெக்ஸ், கோட்டிங்கன் நகரின் எஸ்ஏஜி போன்ற சேகரிப்புகளில் அடையாளம் உறுதியான வளர்ப்புகள் கிடைக்கும். குளத்துத் தண்ணீரிலிருந்து பாரமீசியம் பிடிப்பது பழகிப் பார்க்க நல்லது. சோதனைக்கு எடுத்தால் அது எந்த இனம் என்ற கேள்விக்கு விடை இருக்காது. ஒரே செல்லிலிருந்து பெருக்கிய வழித்தோன்றலாகவாவது ஆக்கிக்கொள்ளுங்கள்.

பயணத்தில் வந்த செல்கள் களைத்திருக்கும். குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். பாரமீசியம் என்றால் 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில், வேகவைத்த கோதுமை மணி போட்ட நீரிலோ வைக்கோல் ஊறலிலோ வளரும். அது உண்பது அங்கே பெருகும் பாக்டீரியாவை. இந்த இடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: உங்கள் மருந்து பாக்டீரியாவைக் குறைத்தால் பாரமீசியம் பட்டினியால் குறையும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே குறுகிய நேரச் சோதனையைச் செல்லைக் கழுவி, உணவில்லாத நீரில் செய்யுங்கள். பெருக்கத்தைப் பார்க்கும் நீண்ட சோதனை என்றால் பாக்டீரியாவையும் தனியாக எண்ணுங்கள்.

வைக்கோல் ஊறலிலேயே மருந்தைக் கலப்பதும் வேண்டாம். அதில் மிதக்கும் கரிமப் பொருள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லுக்குப் போய்ச் சேர்வது நீங்கள் ஊற்றியதைவிடக் குறைவாக இருக்கும்.

எடுக்க வேண்டியது வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களை. தேங்கிப்போன பழைய குடுவையில் இருப்பவை ஏற்கெனவே பாதி சோர்ந்தவை. வளர்ப்பை எப்போதும் இரண்டு குடுவையில், முடிந்தால் இரண்டு அறையில் வையுங்கள். வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சனிக்கிழமை இரவு நின்றுபோனதில் என்னிடம் இருந்த ஒரே வளர்ப்பும் போனது. அதோடு மூன்று வாரமும் போனது.

4. தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஆனால் குளோரமின் போகாது; செப்புக் குழாய் வழியாக வந்தால் செம்பும் இருக்கும். அதற்காகக் காய்ச்சி வடித்த நீரை அப்படியே பயன்படுத்தினால் செல் வீங்கும்; உள்ளே புகும் நீரை வெளியேற்றும் "சுருங்கும் நுண்குமிழ்" அளவுக்கு மீறி உழைக்கும். இரண்டும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் அளந்த உப்புகளைச் சேர்த்த ஊடகத்தைத் தயாரியுங்கள். பாரமீசியத்துக்குச் சாக்லி ஊடகம் எளிது: சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு மூன்றும் சிறிதளவு. பாசிக்கு ஓஇசிடி வழிமுறையிலேயே செய்முறை இருக்கிறது. சாக்லி நீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. நான் முதலில் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

5. மருந்துக் கரைசல்: அதிகம் தவறு நடக்கும் இடம்

முதல் கேள்வி, தூய மூலப்பொருளா, வயலில் தெளிக்கும் தயாரிப்பா? இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். தயாரிப்பில் ஒட்டவும் பரவவும் சேர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. கிளைபோசேட் தயாரிப்புகள் சிலவற்றில் சேர்த்திருக்கும் பிஓஇஏ என்ற பரப்புப்பொருள், நீர்வாழ் உயிர்கள் பலவற்றுக்குக் கிளைபோசேட்டைவிடவே அதிக நஞ்சு. செல் சவ்வை நேரடியாகக் குலைக்கும் தன்மை அதற்கு உண்டு, ஒருசெல் உயிரிக்கோ அந்தச் சவ்வுதான் எல்லாம். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சோதியுங்கள். வயல் ஓடையில் உண்மையில் கலப்பது தயாரிப்புதான். ஆனால் மூலப்பொருள் இல்லாமல் காரணம் சொல்ல முடியாது.

இரண்டாவது, லேபிளைப் படிப்பது. "41 விழுக்காடு" என்று இருந்தால் எடைக்கு எடையா, கனஅளவுக்கு எடையா என்று பாருங்கள். அடர்த்தி 1.17 உள்ள தயாரிப்பில் எடைக்கு எடை 41 விழுக்காடு என்றால் லிட்டருக்குச் சுமார் 480 கிராம். அதை 410 என்று எடுத்தால் அங்கேயே பிழை. அப்புறம் அந்த எண் உப்பின் எடையா, அமிலத்தின் எடையா? கிளைபோசேட் அமிலத்தின் மூலக்கூறு எடை 169.07; ஐசோபுரொப்பைலமின் உப்பு 228.18. உப்பின் எடையை 0.741-ஆல் பெருக்கினால்தான் அமிலத்தின் எடை. இதைக் கவனிக்காமல் விட்டால் கரைசலில் நீங்கள் நினைப்பதைவிட 26 விழுக்காடு குறைவாகவே கிளைபோசேட் இருக்கும். அறிக்கையில் "அமிலக் கணக்கில்" என்ற சொல்லை ஒவ்வோர் இடத்திலும் எழுதுங்கள்.

தயாரிப்பு கெட்டியாக இருந்தால் பிப்பெட் நுனியில் ஒட்டிக்கொள்ளும். தராசில் எடைபோட்டு எடுத்து, அடர்த்தியைக் கொண்டு கணக்கிடுங்கள்.

மூன்றாவது, கரைப்பான். தண்ணீரில் கரையாத மருந்துக்கு அசிட்டோனோ டிஎம்எஸ்ஓவோ தேவைப்படும். ஓஇசிடி 201 அனுமதிப்பது லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர் வரைதான். எல்லாச் செறிவிலும் ஒரே அளவு கரைப்பான் இருக்க வேண்டும். கரைப்பான் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குடுவை ஒன்றும், எதுவும் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குடுவை ஒன்றும் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மருந்தில்லாத குடுவைகள் இவை) தனித்தனியே வேண்டும். அசிட்டோன் பாக்டீரியாவுக்கு உணவாகும் என்பதால், கரைப்பான் குடுவையில் பாரமீசியம் அதிகமாகப் பெருகியும் உங்களைக் குழப்பலாம்.

நான்காவது, பிஎச். கடைசிச் செறிவு வரை கலந்தபின் ஒவ்வொன்றிலும் அளந்து, கட்டுப்பாட்டுக் குடுவையின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாசி வளர வளர பிஎச் தானாகவே ஏறும். 72 மணி நேரத்தில் கட்டுப்பாட்டில் 1.5-க்கு மேல் ஏறக்கூடாது. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் காரத்தன்மையில் வேகமாகச் சிதையும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

குடுவை கண்ணாடியாக இருக்கட்டும். கையுறை, புகைக்கூண்டு இரண்டும் கட்டாயம். அசிட்டோன் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், ஆகவே சிந்தினால் உடனே மாற்றுங்கள். ஆர்கனோபாஸ்பேட்டை வீட்டு மேசையிலோ வகுப்பறையிலோ திறக்கவே திறக்காதீர்கள்.

6. முதலில் தேடல் சோதனை, பிறகு முறையான சோதனை

தேடல் சோதனையில் பத்து மடங்கு இடைவெளி: லிட்டருக்கு 0.01, 0.1, 1, 10, 100 மில்லிகிராம். ஓரிரு குடுவை போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த இரண்டு செறிவுக்கு இடையில் விளைவு தொடங்கி முடிகிறது என்று தெரிந்தால் சரி. இதைத் தவிர்த்தால் முறையான சோதனையில் எல்லாம் செத்தோ எல்லாம் பிழைத்தோ நிற்கும். இரண்டிலிருந்தும் ஒன்றும் கணக்கிட முடியாது.

முறையான பாசிச் சோதனைக்குக் குறைந்தது ஐந்து செறிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று குடுவை, கட்டுப்பாட்டுக்கு ஆறு. அடுத்தடுத்த செறிவுகளின் இடைவெளி 3.2 மடங்கைத் தாண்டக்கூடாது. ராஃபிடோசெலிஸ் என்றால் மில்லிலிட்டருக்கு 5,000 முதல் 10,000 செல்லோடு தொடங்குங்கள். ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை எண்ணுவதை மூன்று பிரதி என்று கணக்கில் எழுதாதீர்கள். பிரதி என்றால் தனிக் குடுவை. குடுவைகளின் இடத்தைத் தினமும் மாற்றுங்கள். விளக்குக்கு நேர்கீழே இருப்பதற்கும் ஓரத்தில் இருப்பதற்கும் வளர்ச்சி வேறுபடும். ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் மருந்தில் இந்த வேறுபாடு முடிவையே மாற்றும்.

நாளைப் பற்றிச் சின்ன யோசனை: 72 மணி நேரச் சோதனையைத் திங்கள் காலையில் தொடங்குங்கள், வியாழன் முடியும். வியாழன் தொடங்கினால் ஞாயிறு எண்ண வேண்டும், ஆய்வகம் பூட்டியிருக்கும்.

7. எண்ணுவதும் பார்ப்பதும்

பாசியை எண்ண நியூபாயர் அறை, அதாவது கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடித் தகடு, சரி. பாரமீசியத்தை அதில் எண்ணப் போகாதீர்கள். அதன் பெரிய கட்டம் ஒன்றில் 0.1 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும், அதில் ஒரு செல் விழ வேண்டுமென்றாலே மில்லிலிட்டருக்கு 10,000 செல் இருக்க வேண்டும். உங்கள் குடுவையில் இருப்பது சில நூறு. ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் அறையை வாங்குங்கள், அல்லது அளந்த துளிகளாக விட்டுக் குறைந்த பெருக்கத்தில் எண்ணுங்கள். ஓடும் செல்லை எண்ண முடியாவிட்டால் ஒரு பகுதியை லுகால் அயோடினில் நிறுத்தி எண்ணலாம். எத்தனை எண்ண வேண்டும் என்றால், 100 செல் எண்ணினால் பிழை ஏறக்குறைய பத்து விழுக்காடு, 400 எண்ணினால் ஐந்து.

செத்த பாரமீசியம் பெரும்பாலும் உடைந்து கரைந்துபோகும். பிணத்தை எண்ணி இறப்பு விகிதம் போட்டால் எப்போதும் குறைவாகவே வரும். தொடக்கத்தில் இருந்ததிலிருந்து இப்போது உயிரோடு இருப்பதைக் கழியுங்கள். எதை இறப்பு என்று எடுக்கிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். உடல் நின்றிருந்தாலும் குற்றிழை அடித்துக்கொண்டிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லாத அளவிலும் மருந்து என்ன செய்கிறது என்பது நுண்ணோக்கியில் தெரியும். சாதாரணமாகப் பாரமீசியம் சுருள் பாதையில் முன்னோக்கிப் போகும், தடை வந்தால் சற்றுப் பின்வாங்கித் திரும்பும். மருந்தில் அந்தப் பின்வாங்கல் நீள்கிறதா? ஒரே இடத்தில் சுழல்கிறதா? உடல் உருண்டையாகிறதா? சவ்வில் கொப்புளம் எழுகிறதா? மெத்தில் செல்லுலோஸ் சேர்த்து வேகத்தைக் குறைத்து, சுருங்கும் நுண்குமிழ் ஒருமுறை சுருங்கியதிலிருந்து அடுத்த முறை வரை எத்தனை நொடி என்று அளந்து பாருங்கள். ஒரே வெப்பநிலை, ஒரே ஊடகம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். காங்கோ சிவப்பு ஏற்றிய ஈஸ்ட்டைக் கொடுத்தால் உணவுக் குமிழ்கள் சிவப்பாகத் தெரியும், உள்ளே அமிலம் சேரும்போது நீலமாகும். கட்டுப்பாட்டுச் செல்லில் நீலமாகும் நேரத்தில் மருந்துச் செல்லில் இன்னும் சிவப்பாகவே இருந்தால், செரிமானம் தடைபடுகிறது என்று சந்தேகிக்கலாம். நான் முதன்முதலில் அந்த வேறுபாட்டைப் பார்த்த மாலை, எண்ணிக்கைப் பட்டியலில் "பாதிப்பு இல்லை" என்று எழுதிய வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

முடிந்தால் படம் பிடியுங்கள். பார்ப்பவருக்கு எது மருந்துக் குடுவை என்று தெரியாதபடி எண் மட்டும் ஒட்டுங்கள்.

8. கணக்கு

முதலில் கட்டுப்பாட்டுக் குடுவைகளைப் பாருங்கள். பாசி 72 மணி நேரத்தில் குறைந்தது 16 மடங்கு பெருகியிருக்க வேண்டும், அதாவது நாளுக்கு 0.92 வளர்ச்சி வீதம். ராஃபிடோசெலிஸ் கட்டுப்பாட்டுக் குடுவைகளின் சராசரி வளர்ச்சி வீதங்களுக்கு இடையிலான மாறுபாட்டுக் கெழு (சராசரியில் சிதறல் எத்தனை விழுக்காடு என்பது) 7 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இது தேறாவிட்டால் மருந்துக் குடுவைகளின் எண்களைத் திறந்து பார்க்கவே வேண்டாம், சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பாதியைக் காப்பாற்றலாம் என்று நானும் முயன்றேன். அந்த எண்கள் அடுத்த சோதனையோடு எதிலும் பொருந்தவில்லை.

பாதி விளைவு தரும் செறிவைத்தான் இசி50 என்கிறோம். இதை வளர்ச்சி வீதத்திலிருந்தும் கணக்கிடலாம், இறுதி விளைச்சலிலிருந்தும் கணக்கிடலாம். ஒரே தரவில் விளைச்சல் வழியாக வருவது பொதுவாகச் சிறிய எண். எது என்று எழுதாமல் பிறர் முடிவோடு ஒப்பிட்டால் மருந்தை உள்ளதைவிடக் கொடியதாகவோ சாதுவாகவோ காட்டிவிடுவீர்கள். கணக்குக்கு ஆர் என்ற இலவச மென்பொருளும் அதில் டிஆர்சி என்ற தொகுப்பும் போதும். நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள்.

மருந்தின் செறிவைத் தொடக்கத்திலும் முடிவிலும் கருவியில் அளந்து பார்ப்பது நல்லது. அளந்தது குறித்த அளவிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் நின்றால், நீங்கள் கலந்த எண்ணையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் அளந்த எண்தான் உண்மை.

9. செலவும் காலமும்

அதிகம் செலவு வைப்பது செறிவு அளக்கும் கருவிக் கட்டணம், அடுத்தது தூய மூலப்பொருள். மூலப்பொருளைச் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். நுண்பாசிச் சோதனைக்குச் சிறிதளவே போதும். எல்லா மாதிரியையும் அளக்க வேண்டியதில்லை, அதிகம், நடு, குறைவு என்று மூன்று செறிவில் தொடங்கலாம். கருவி வைத்திருப்பவரிடம் எத்தனை மாதிரி சேர்ந்தால் கட்டணம் குறையும் என்று கேட்டு, மற்ற மாணவர்களோடு சேர்ந்து அனுப்புங்கள். எண்ணும் அறை ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். உயிரிக்கும் ஊடகத்துக்கும் செலவு சொற்பம். எல்லோரும் மறப்பது கழிவை அகற்றும் கட்டணம்.

காலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: காகிதமும் கொள்முதலும் நான்கு முதல் எட்டு வாரம், அதே நாள்களில் வளர்ப்பைப் பழக்குவது. தேடல் சோதனைக்கு இரண்டு வாரம். முறையான சோதனையை வெவ்வேறு வாரங்களில் மூன்று முறை, அதோடு வீணாகப்போகும் ஒரு முறைக்கும் சேர்த்து ஐந்து வாரம். கணக்கும் எழுத்தும் மூன்று வாரம். ஒரு கல்விப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் உயிரி ஒன்று, மருந்து ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. கழிவு

கலந்த கரைசல், கழுவிய முதல் நீர், நுனிகள், கையுறைகள் எதுவும் சிங்க்குக்குப் போகக்கூடாது. மருந்தின் பெயர், ஏறத்தாழச் செறிவு, தேதி எழுதிய மூடிய பாட்டிலில் சேருங்கள். அசிட்டோன் கலந்ததைத் தனிப் பாட்டிலில் வையுங்கள். மருந்து படாத வளர்ப்பைக்கூடக் குளத்தில் விடாதீர்கள். கொதிக்கவைத்தோ ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் வைத்தோ கொன்றபின் அகற்றுங்கள். மருந்து கலந்ததை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், ஆவி அறை முழுக்கப் பரவும். கழிவை எடுத்துச் சென்றவர் கொடுக்கும் சீட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். வளர்ப்பில் ஒரு குடுவையை மட்டும் தொடர்ந்து பேணுங்கள். அறிக்கையைப் படித்தவர்கள் "இன்னொரு செறிவில் பார்த்தீர்களா" என்று கேட்கும்போது மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.